ஒரே பாலம், ஐந்து தடவை

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு பத்துக்குக் கடைசிப் பாலத்தையும் வெட்டி எடுத்தேன். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், மாலை வகுப்பில் செய்கிற ஒவ்வொரு வேலையையும் நேரத்தோடு நோட்டில் எழுதிவிடுவேன். எழுதாமல் விட்டால், செய்தேனா இல்லையா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தேகம் வரும். எழுதினாலும் வரும். ஆனால் அப்போது பையைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

நகர நூலகத்தின் அடித்தளத்தில் நடக்கும் வகுப்பு அது. பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து, கிழிந்த இடங்களை ஒட்டி, மறுபடியும் ஓடவைக்கக் கற்றுத் தருகிறார்கள். வாரம் மூன்று மாலை, ஆறிலிருந்து ஒன்பது வரை. பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். அதனால் வகுப்பில் என் பெயர் லென்ஸ். வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை, ஐம்பது வயதிருக்கும். அவரைச் செக்கர் என்போம்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு முழுப் படத்தைச் சரிசெய்து, வெளியாட்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு வந்தது 'எட்டு இருபது வண்டி'. கறுப்பு வெள்ளை, எழுபத்திரண்டு நிமிடம், மூன்று டப்பாவில் மூன்று சுருள். நூலகத்துக்கு எதிரே நோட்டு, பேனா விற்கும் கடை வைத்திருக்கும் அக்கா கொடுத்தது. அவருடைய அண்ணன் நாற்பது வருடங்களுக்கு முன் எடுத்த ஒரே படம். மிச்சமிருக்கும் ஒரே பிரதியும் அதுதான். அத்தனை காலமும் அக்காவின் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"பத்திரமா பாத்துக்கோம்மா. என் கட்டிலுக்கு அடியில இருந்ததவிட பத்திரமா" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

டப்பாக்கள் வந்த அன்றே வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். கதை இது. ஒன்பது பெட்டிகள் கொண்ட ஒரு ரயில். கடைசிப் பெட்டியில் ஓர் அருங்காட்சியகத்தின் வைரங்கள், பூட்டிச் சீல் வைத்து. வண்டி நீளமான சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. விளக்குகள் அணைகின்றன. வெளியே வரும்போது கடைசிப் பெட்டியைக் காணோம். விளக்கை அணைத்தது யார்? ஆறு பேர்மேல் சந்தேகம்.

எடுத்தவர்களின் கையில் காசு எவ்வளவு குறைவாக இருந்தது என்பது படத்தின் எல்லா மூலையிலும் தெரிந்தது. முதல் வகுப்புப் பெட்டியும் மூன்றாம் வகுப்புப் பெட்டியும் ஒரே அறை, திரைச்சீலை மட்டும் வேறு. வண்டி குலுங்குவதற்காகக் கேமராவைக் குலுக்கியிருந்தார்கள். மேசைமேல் இருந்த தேநீர் அசையவே இல்லை. கார்டும் போலீஸ் அதிகாரியும் ஒரே ஆள், மீசைதான் வித்தியாசம். ஓரிடத்தில் அந்த இருவரும் பேசிக்கொள்ள வேண்டியிருந்ததால் ஒருவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசுகிறார். வெளியே ஓடும் ரயிலோ பொம்மை ரயில். நாங்கள் பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை, கைப்பேசியை எடுக்கவில்லை. பெரிய படங்களில் எல்லாம் தானாக நடக்கும். இதில் ஒரு கதவு திறந்தால், அதைப் பின்னாலிருந்து இழுக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். அந்த ஆள்மேல் நமக்கே தெரியாமல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

முடிவு மட்டும் எல்லோருக்கும் சப்பென்று போயிற்று. துப்பறிபவர் ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, "பெட்டி சுரங்கத்துக்குள்ள காணாமப் போகல. அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க" என்கிறார். அதற்குப் படத்தில் எந்தத் தடயமும் இல்லை. நோட்டில் எழுதினேன்: 'முடிவு ஏமாற்று. வசனக் குறை.'

இனி பாலம். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில், அந்தப் பொம்மை ரயில் புகை விட்டபடி ஒரு பாலத்தைத் தாண்டும். ஏழு விநாடி. மொத்தம் ஐந்து தடவை வந்தது.

"என்ன லென்ஸு, டிரைவருக்கு வழி தெரியலையா? இருக்கிறது ஒரு ஆறு, அதையே அஞ்சு தடவ தாண்டுறான். என் பஸ்ஸுல இப்படிச் சுத்தினா ஜனம் என்னையும் சேத்து ஆத்துல தள்ளிடும்" என்றார் செக்கர்.

ஆறாவது பாடத்தில் ஒன்று படித்திருந்தோம். முன்பு யாராவது படத்தைப் பழுதுபார்த்தபோது வேறு பிரதியிலிருந்து துண்டு எடுத்து ஒட்டியிருந்தால், ஒரே துண்டு இரண்டு இடத்தில் வந்துவிடும். அப்படி இரட்டித்ததைக் கண்டுபிடித்து எடுத்துவிட வேண்டும். முதல் டப்பாவிலேயே அப்படி ஒரு துண்டைக் கண்டுபிடித்து டீச்சரிடம் பாராட்டு வாங்கியிருந்தேன். எனக்கு அரிதாகக் கிடைக்கும் பொருள் அது. கிடைத்ததும் தலைக்கு ஏறிவிட்டது. பாலங்களை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்கு மேசையில் வைத்துப் பார்த்தேன். அதே பாலம், அதே புகை. எஞ்சினுக்கு முன்னால் ஒரு மெல்லிய கோடு, அதுவும் எல்லாவற்றிலும் அதே இடத்தில். 'கிடைமட்டக் கீறல், காரணம் தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டேன். கீறல்கூட இரட்டித்திருந்தால் வேறென்ன சாட்சி வேண்டும்?

ஓர் அடிக்கு மேல் எடுப்பதென்றால் டீச்சரின் கையெழுத்து வேண்டும். டீச்சர் அந்த வாரம் விடுப்பு. "வந்ததும் வாங்கிக்க. அவங்க என்ன வேணாம்னா சொல்லப் போறாங்க?" என்றார் செக்கர். அவர்மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. கத்தியை வைத்தது என் கை.

முதல் பாலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் எடுத்தேன். ஒவ்வொன்றும் நாலடிக்குக் கொஞ்சம் கூட. காகித நாடாவில் 1, 2, 3, 4 என்று எண் எழுதி நுனியில் ஒட்டி, ஆணிகள் அடித்த மரச் சட்டத்தில், எண்தான் இருக்கிறதே என்று வரிசை பார்க்காமல் தொங்கவிட்டேன். தூசி படாமலிருக்க ஆணிச் சட்டத்தை விளக்கு மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். இதையும் நோட்டில் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு ஐந்துக்கு அக்கா அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். மறுநாள் ஐந்து மணிக்குப் படம்.

"நாளைக்கு அண்ணன் வர்றாம்மா" என்றார், படியிலேயே நின்று. மூச்சு வாங்கியது. "எத்தன வருஷமா கெஞ்சியிருக்கேன். படம்னு பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவான். இந்தத் தடவ சரின்னுட்டான்."

"நல்லதுக்கா. ஏன் எழுந்து போவார்?"

"தியேட்டருக்கு வாங்கினவர் வெட்டிட்டார்ல, அந்த ஆத்திரம். ஒரே பாலத்த எதுக்கு அஞ்சு தடவ காட்டணும்னு, வெளிய போன பிரதி எல்லாத்துலயும் நாலு தடவைய எடுத்துட்டார். முடிவு ஏமாத்துன்னு ஜனம் கத்துச்சு. பத்திரிகையிலயும் அதேதான். அதோட கேமராவ மூட்ட கட்டிட்டான். கதவு ஜன்னலுக்கு அளவெடுக்கிற வேலைக்குப் போனவன், ரிட்டயர் ஆகற வரைக்கும் அளவுதான் எடுத்தான்."

நான் மேசைமேல் இருந்த நோட்டை மூடினேன்.

"வெட்டாத பிரதி இது ஒண்ணுதாம்மா. அந்தப் பாலத்துல என்ன இருக்கோ எனக்குத் தெரியாது, அவனுக்கு அதுதான் உயிர். ஒரே ஒரு தடவ நாலு பேர் மத்தியில அவன் அத முழுசா பாத்துடணும். அவ்வளவுதான் எனக்கு." பிறகு சாதாரணமாக, போகிற போக்கில் கேட்டார்: "நீ ஒண்ணும் குறைக்கலியே?"

"இல்லக்கா" என்றேன்.

அவர் படியேறிப் போகும் சத்தம் முழுதாக அடங்கும்வரை அப்படியே நின்றேன். பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்தது எதுவும் தொலையவில்லை. எங்கிருந்து எடுத்தேன் என்ற நான்கு இடங்களும் நோட்டில் இருக்கின்றன. எண் பார்த்துத் திரும்ப ஒட்டினால் முடிந்தது. ஒன்பது மணிக்குள் எட்டு ஒட்டு போட வேண்டும். போடலாம்.

ஆணிச் சட்டத்திடம் போனேன். நான்கு பட்டைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. எண்கள் இல்லை. கீழே, தரையில், நான்கு காகிதத் துணுக்குகள் சுருண்டு கிடந்தன. விளக்கின் சூட்டில் பசை காய்ந்து உதிர்ந்துவிட்டது. 1, 2, 3, 4 எல்லாம் இருந்தன. எது எதனுடையது என்பதுதான் இல்லை.

"என்ன லென்ஸு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் செக்கர்.

சொன்னேன். அவர் பட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே பாலந்தான? எத எங்க ஒட்டினா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும்."

"அவரு பாத்தே நாப்பது வருஷம் ஆச்சும்மா."

ஆனால் கதவு ஜன்னலுக்கு அளவெடுத்தே வாழ்ந்த ஒருவர், தான் எடுத்த படத்தின் அளவை மறப்பாரா?

நான்கையும் விளக்கு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தேன். ஏதாவது ஒரு வித்தியாசம் வேண்டும். தூசி, புள்ளி, புகையின் வளைவு, எதுவானாலும். ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு வழி தெரியாமல், பாலத்தின் தூண்களை எண்ணினேன். எல்லாவற்றிலும் ஏழு. ரயிலின் ஜன்னல்களை எண்ணினேன், அது மங்கல். பெட்டிகளை எண்ணினேன்.

ஒன்பது. ஒன்பது. எட்டு. எட்டு.

மறுபடி எண்ணினேன். அதே.

முதலில் நிம்மதிதான் வந்தது. பெட்டி காணாமல் போவது சுரங்கப்பாதையில். அப்படியானால் ஒன்பது பெட்டிப் பட்டைகள் சுரங்கத்துக்கு முன்னால், எட்டுப் பெட்டிப் பட்டைகள் பின்னால். நோட்டைத் திறந்தேன். நிம்மதி அதோடு போயிற்று. நான் வெட்டிய நான்கு இடங்களில் மூன்று சுரங்கத்துக்கு முன்னால். பின்னால் ஒரே ஒன்றுதான். எட்டுப் பெட்டிப் பட்டைகளோ இரண்டு.

ஆக, ஓர் எட்டு முன்னால் போயாக வேண்டும். அது தப்பில்லையா? எடுத்தவர்களின் தப்பா, என் தப்பா? நோட்டில் இடத்தைத் தப்பாகக் குறித்துவிட்டேனா? உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஈரக் கையால் பிலிமைத் தொடக் கூடாது. எழுந்துபோய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன், திரும்ப உட்கார்ந்ததும் மறுபடி ஈரம். மணி ஆறு ஐம்பது.

அப்போதுதான் மூன்றாவது பாடம் நினைவுக்கு வந்தது. பிலிமில் ஒரு காட்சியின் ஒலி அதன் படத்துக்கு நேர் பக்கத்தில் இருக்காது. இருபத்தாறு படக் கட்டம் முன்னதாகவே பதிந்திருக்கும், ஏறக்குறைய ஒரு விநாடி. புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கிற இடம் படம் காட்டுகிற இடத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது. அப்படியானால், ஒவ்வொரு பாலத்தின் வால் நுனியிலும் பாலத்தின் சத்தம் இருக்காது. அடுத்து வரும் காட்சியின் முதல் சத்தம் இருக்கும்.

எங்கள் புரொஜெக்டர் அந்த வாரம் வேறு வகுப்புக்குப் போயிருந்தது. அன்று ஏழு மணிக்குத்தான் திரும்பி வரும். அதனால்தான் வெட்டியபிறகு ஒரு தடவைகூட ஒலியோடு ஓட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான்கு காட்சிகளின் முதல் விநாடியையும் சேர்த்து விழுங்கியிருப்பது அன்றைக்கே காதில் விழுந்திருக்கும். ஏழு ஐந்துக்கு அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். நான்கு பட்டைகளுக்கும் நடுநடுவே வெற்றுச் சுருள் ஒட்டி ஒரே சரமாக்கி ஓட்டினேன். செக்கர் பக்கத்தில் வந்து நின்றார்.

முதல் ஒன்பது: தடதடவென்று ரயில் சத்தம், கடைசியில் "டிக்கெ—".

"எங்க ஆளு" என்றார் செக்கர். டிக்கெட் கேட்கும் காட்சி. இடம் ஒன்று.

இரண்டாவது ஒன்பது: கோப்பையில் கரண்டி தட்டும் ஒலி. உணவுப் பெட்டி. இடம் இரண்டு.

அடுத்து ஓர் எட்டு: ஒரு பெண்ணின் விசும்பல். விசாரணைக் காட்சி, சுரங்கத்துக்குப் பின்னால். இடம் நான்கு.

கடைசி எட்டு: தடதட, தடதட. பிறகு நீளமான விசில், பாதியில் அறுந்தது. அந்த விசிலை எனக்குத் தெரியும். வண்டி சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது ஊதுவது.

எட்டுப் பெட்டியோடு பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அந்த வண்டி சுரங்கத்துக்குள் போயிருக்கிறது.

'நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க.' துப்பறிபவர் அந்த ஆறு பேரிடம் மட்டும் பேசவில்லை. எங்களிடமும் பேசியிருக்கிறார். நாங்கள் பதினொரு பேர் படத்தை முழுதாகத்தான் பார்த்தோம். கண்ணெதிரே ஒரு பெட்டி குறைந்த வண்டி போனது. அதே பாலம் என்று சிரித்துக்கொண்டிருந்தோம். கண்ணில் படும் எதையும் எண்ணுகிறவள் நான். பாலத்தை ஐந்து என்று எண்ணினேன், பாலத்தின்மேல் போனதை எண்ணவில்லை.

"அடப்பாவி" என்றார் செக்கர் மெதுவாக. அது யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

ஏழு நாற்பதுக்கு ஒட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் நாடாவை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அழுத்த வேண்டும். இரண்டுக்கும் நோட்டில் தனித்தனியாக டிக். எட்டு ஐம்பதுக்கு நூலகக் காவலர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். சுருளைச் சுற்றி டப்பாவில் போடத்தான் நேரம் இருந்தது, ஓட்டிப் பார்க்க இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பையைத் திறந்தேன். ஐந்தாவது ஒட்டு, பின்பக்கம்: டிக் இல்லை. அழுத்திவிட்டு டிக் போட மறந்தேனா, அழுத்தவே மறந்தேனா? ஐந்தாவது ஒட்டு என்பது சுரங்கத்துக்கு முந்தைய பாலம் தொடங்கும் இடம். படத்தின் உயிர் முழுக்க அந்த ஏழு விநாடியில் இருக்கிறது. அது ஒருபக்க நாடாவில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

சனிக்கிழமை கடையில் நாலு மணி வரை வேலை. இரண்டு லென்ஸைத் தப்பாகத் தேய்த்தேன். மேலாளர், "கண்ணாடி உனக்குத்தான் வேணும் போல" என்றார். நூலகத்துக்கு ஓடி வந்தபோது நாலரை. டீச்சர் விடுப்பு முடிந்து வந்து, மூன்று டப்பாக்களையும் புரொஜெக்டர் அருகில் அடுக்கி, முதல் சுருளை ஏற்கெனவே மாட்டியிருந்தார். பாலங்கள் மூன்று இரண்டாவது சுருளில்.

"டீச்சர், ரெண்டாவது சுருள ஒரு நிமிஷம் பாக்கலாமா?"

"இப்பவா? ஆளுங்க உக்காந்தாச்சு. ஏன், என்ன விஷயம்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா தன் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் இன்னும் ஒரு சின்ன அளவு நாடா. உட்காரும்முன் திரைக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தைக் கண்ணாலேயே அளந்தார். வாயை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர்."

நாற்பது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. வகுப்புக்காரர்கள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள், நூலகத்துக்கு வந்து தப்பித்தவறி இறங்கியவர்கள். அண்ணன் முதல் வரிசையில். நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். என் கண்ணுக்கு அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது.

முதல் பாலத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுருள் மாற்றினோம். இரண்டாவது பாலத்துக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவதுக்குக் கூடமே சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "மறுபடியுமா!" என்றார்கள். பிடரி அசையவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் ஏறி நின்றது, அடி விழப் போகிறது என்று தெரிந்தவனின் தோள் போல. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது என்று தலையாட்டினேன்.

இனி ஐந்தாவது ஒட்டு. உணவுப் பெட்டிக் காட்சி முடிய முடிய, சுருளின் மேலிருந்து அந்த இடம் இறங்கி வருவதைப் பார்த்தேன். நாடாவின் பளபளப்பு தெரிந்தது. படம் காட்டுகிற வாயிலுக்குள் போனது. டக்கென்று ஒரு சத்தம். திரையில் படம் ஒரு துள்ளு துள்ளியது. நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

நிற்கவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டியது. எட்டுப் பெட்டிகள். நான் மனத்துக்குள் எண்ணினேன், உதடும் அசைந்திருக்க வேண்டும். கூடம் சிரித்துக்கொண்டிருந்தது. விசில். இருட்டு.

அதன்பிறகு மீதிப் படம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது சுருளில் துப்பறிபவர் ஆறு பேரையும் நிறுத்தினார். "பெட்டி சுரங்கத்துக்குள்ள காணாமப் போகல." கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. "நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க." முணுமுணுப்பு பெரிதானது. "இது என்ன ஏமாத்து?" என்றது ஒரு பெண் குரல், நான் எழுதிய அதே வார்த்தை. வணக்கம் போட்டுப் படம் முடிந்து, விளக்கு எரிந்தது. அண்ணன் எழுவதற்காக நாற்காலியின் கையைப் பிடித்தார்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க!" என்று செக்கர் கத்தினார். பேருந்தில் கத்தும் குரல். நிஜமாகவே இரண்டு பேர் டிக்கெட் தேடிப் பையில் கை விட்டார்கள். "லென்ஸு, ரெண்டாவது சுருள மாட்டு. அந்தப் பாலத்தப் போடு. எல்லாரும் பெட்டிய எண்ணுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மாட்டினேன். முதல் தடவை பிலிம் புரொஜெக்டரின் பல்லில் சிக்கவில்லை. பிறகு சிக்கியது. உணவுப் பெட்டிக்கு முந்தைய பாலம் வந்தது. நாற்பது பேர் சத்தமாக எண்ணினார்கள். ஒன்பது. உணவுப் பெட்டிக் காட்சி ஓடியது. அடுத்த பாலம். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு... 'ஒன்பது' என்று பாதிப் பேர் வாயைத் திறந்தார்கள். பாலம் காலியாக இருந்தது.

பிறகு ஒரே கூச்சல். பின்வரிசைப் பெண் எழுந்து நின்றே கைதட்டினார். "எம் முன்னாலேயே போச்சே! எம் முன்னாலேயே!" அண்ணன் எழவில்லை. உட்கார்ந்தபடியே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல.

அக்காதான் அழுதார். ஆனால் அது நான் எதிர்பார்த்த அழுகை இல்லை.

"அண்ணே, அந்த எட்டு... அது நான் பண்ணினதுண்ணே. வண்டிய இழுக்கிற நூல வெடுக்குனு இழுத்துட்டேன். கடைசிப் பெட்டி கொக்கி கழண்டு விழுந்துச்சு."

"ஆமா" என்றார் அவர்.

"நீ ஒண்ணுமே சொல்லல. அப்படியே நின்ன. படம் ஓடாதப்ப, எல்லாம் என்னாலதான்னு எத்தன நாள்..."

"பைத்தியம்." அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அதான் கையில இருந்த கடைசி பிலிம். திருப்பி எடுக்க வழியில்ல. மூணு நாள் தூங்கல. அப்புறம்தான் தோணுச்சு, விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும், டப்பிங்ல வசனத்த மட்டும் மாத்திக் கதைய மாத்திடலாம்னு. அதுக்கு முன்னாடி என் முடிவு என்ன தெரியுமா? சமையல்காரன் வெளக்க அணைச்சான். அவ்வளவுதான். தூ! நீ இழுத்ததாலதான் எனக்குக் கதையே கிடைச்சது."

"இத எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"படத்துலயே இருக்கே. பாத்து நீயே தெரிஞ்சுக்குவன்னு இருந்தேன். அந்தத் தியேட்டர்காரன் வெட்டிட்டான்."

அவர் எழுந்து புரொஜெக்டரிடம் வந்தார். சுருளைக் கேட்கவில்லை, தானாகவே விரல்களுக்கு நடுவில் பிலிமை ஓடவிட்டார். ஓரிடத்தில் நின்றார்.

"புது ஒட்டு. இதுல பின்பக்கம் ஒட்டல." நிமிர்ந்தார். "யார் போட்டது?"

"நான்தான் சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதல்ல வெட்டினதும் நான்தான். நாலையும். அக்கா கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். நேத்துதான் திருப்பி ஒட்டினேன்."

அக்கா கண்ணைத் துடைத்த கையோடு என்னையே பார்த்தார். டீச்சரும்தான்.

"எதுக்கு வெட்டின?" என்றார் அண்ணன்.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு சார். வித்தியாசமே தெரியல."

அவர் ஒட்டிலிருந்து விரலை எடுத்தார்.

"அப்ப நல்லாத்தான் எடுத்திருக்கேன்" என்றார்.

டீச்சர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "கையெழுத்து இல்லாம நாலு துண்டு. திங்கக்கிழமை பேசலாம்" என்றார். என்ன பேசுவார் என்று தெரியவில்லை. சான்றிதழ் கிடைக்காமல் போகலாம்.

கூட்டம் கலைந்தபிறகு அக்கா போகவில்லை. அந்தப் பாலத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பொய் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. முதலில் ஐந்தாவது ஒட்டின் பின்பக்கம் நாடாவை அழுத்தினேன். டிக் போட்டேன். பிறகு ஓட்டினேன். அவர் திரைக்கு ஓரடி அருகில் போய் நின்று, எஞ்சினுக்கு முன்னால் விரலை வைத்தார்.

"இங்க பாரு, தெரியுது."

நோட்டைத் திறந்து, 'கிடைமட்டக் கீறல், காரணம் தெரியவில்லை' என்பதை ஒரு கோட்டால் அடித்தேன். பக்கத்தில் 'நூல்' என்று எழுதினேன். 'இழுத்தவர்: அக்கா' என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும்போல் இருந்தது. நோட்டில் நான் போட்ட கட்டங்களில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதி, ஆறு நாற்பது என்று நேரமும் போட்டேன்.